தாய்மாமன் கட்டைவிரல்

என் இடது கட்டைவிரலின் சதையில் ஒரு தழும்பு இருக்கிறது. ஒரு நெல்லை எடுத்துப் பதித்து வைத்ததுபோல் வெளுத்து, லேசாக மேடுதட்டி இருக்கும். யாராவது கேட்டால் ஆளுக்குத் தகுந்த கதையைச் சொல்வேன். டேனரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம், வந்து இறங்கிய ஆட்டுத்தோல்களில் ஒன்று முழுசாகச் சாகவில்லை, கடித்துவிட்டது என்பேன். தோல் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அக்கறையாக விசாரித்தபோது, என் வீட்டுக்காரி சுட்ட தோசையைப் பிய்க்கப் போய் ஏற்பட்ட காயம் என்று சொல்லி, அதை மேனேஜரை விட்டு இங்கிலீஷில் பெயர்க்க வைத்தேன். மேனேஜர் பெயர்த்தார். வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை; பிளாஸ்திரி வாங்கிக்கொள்ளச் சொன்னார். உண்மைக் கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அதுவும் பாதித் தூரம் வரைக்கும் சிரிப்பான கதைதான். அந்தப் பாதியைத் தாண்டினால் எனக்கு வாய் ஓடாது.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற டேனரியில் தரம் பிரிக்கிற வேலை எனக்கு; அங்கே அதை செலக்‌ஷன் என்பார்கள். பதம் போட்டுக் காயவைத்து வந்த ஆட்டுத்தோலை மேஜைமேல் விரித்து, வெளிச்சத்தில் ஒரு பார்வை, கட்டைவிரலால் ஒரு தடவல், அவ்வளவுதான். முதல் தரமா, இரண்டாம் தரமா, தள்ளுபடியா என்று சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் வெளியாருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. ஆடு குட்டியாக இருந்தபோது முள்வேலி கிழித்திருக்கும், அம்மை போட்டிருக்கும், உண்ணி கடித்திருக்கும். எல்லாம் ஆறி, மேலே முடி வளர்ந்து, அந்த ஆடே அதை மறந்துபோயிருக்கும். முடியை நீக்கிப் பதம் போட்டு வெளியே எடுக்கும்போதுதான் அந்தப் பழைய காயம் எழுந்து வந்து உட்கார்ந்துகொள்ளும், நேற்றுத்தான் பட்டதுபோல. இதைத் தெரிந்துவைத்திருப்பது சம்பளத்துக்கு நல்லது. பயந்த சுபாவம் உள்ளவனுக்கு நல்லதல்ல. நான் பயந்த சுபாவம் உள்ளவன். அதை மறைக்கத்தான் இத்தனை வருஷமாக ஜோக் அடிக்கிறேன் என்பது என் வீட்டுக்காரிக்கும் என் அக்காவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அக்கா எனக்கு நாலு வயசு மூத்தவள். கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். ஒன்பது வயசு முடிவதற்குள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். எனக்கு அது மங்கலாகத்தான் நினைவிருக்கிறது: என் உயரத்தைவிடக் கொஞ்சமே கூடுதலான ஒரு பெண், நாலு மடிப்பு மடித்துச் செருகியும் தரையில் புரண்ட ஒரு தாவணி, அதை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு பாண்டி ஆடப் போய் முதுகில் வாங்கிய அறை. பள்ளிக்கூடம் அந்த வாரமே நின்றது. தெருவில் அவளோடு சில்லு எறிந்த பெண்களெல்லாம் மறுபடி பாவாடை கிழிய ஆடப் போக, அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் கோட்டை மிதித்தார்கள் என்று உள்ளேயிருந்து தீர்ப்புச் சொல்வாள். பிற்பாடு இதையெல்லாம் அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். “எல்லாரும் நடந்து போன எடத்துக்கு நான் பஸ்ஸுல போய் எறங்கிட்டேன்டா. எறங்கிப் பார்த்தா அங்க ஒருத்தியும் இல்ல” என்பாள். லாரி ஓட்டுகிற ஒருவருக்குக் குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்டு, வெகு காலம் கழித்து ஒரே ஒரு மகளைப் பெற்றாள். லாரி பாதி நாள் பம்பாயிலும் பாதி நாள் ரிப்பேரிலும் இருந்ததால், மாமாவை நாங்கள் விசேஷ நாட்களில்தான் பார்ப்போம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். மகளை என் வீட்டுக்காரியிடம் விட்டாள். முழுப் பரீட்சை லீவு, இங்கே இருக்கட்டும் என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, ஏதோ கடைக்குப் போய்வருவதுபோல, “நீ என்கூட வேலூருக்கு வா. மார்ல ஒரு கட்டி இருக்குது. ரொம்ப நாளா இருக்குது. காட்டிட்டு வந்துடலாம்” என்றாள். ரொம்ப நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். போன தீபாவளிக்கு முந்தி என்றாள். ஓடுகிற ஓட்டத்தில் ஆட்டுத்தோலில் கடுகளவு முடிச்சைத் தொட்டுச் சொல்கிறவன் நான். என் கூடப் பிறந்தவள் பொங்கலுக்கும் வந்தாள், கிருத்திகைக்கும் வந்தாள், நான் செய்த கோமாளித்தனத்துக்கெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கட்டியும் அவளோடு கூடவே வந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறது.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். நான் தடுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் நின்றேன். பேச்சு மட்டும் காதில் விழுந்தது. எத்தனை பிள்ளைகள், தாய்ப்பால் கொடுத்தீர்களா, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், “எத்தனை வயசுல பெரிய மனுஷி ஆனீங்க?” என்றார்.

“ஒம்பது முடியல டாக்டரம்மா.”

பேனா ஓடும் சத்தம் கேட்டது. அக்கா சும்மா இருக்கமாட்டாள். “அது எதுக்கு எழுதறீங்க? அது முப்பது வருஷத்துக் கதை” என்றாள். டாக்டரம்மா நல்ல மனுஷி. நோயாளியிடம் இதையெல்லாம் சொல்வானேன் என்று நினைக்காமல் பொறுமையாகச் சொன்னார். ரொம்பச் சின்ன வயசிலேயே ஆரம்பித்தவர்களுக்கு இந்த வியாதி வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று பார்த்திருக்கிறார்கள். உடம்பில் ஊறுகிற அந்தச் சுரப்பு அத்தனை வருஷம் அதிகமாக வேலை செய்கிறது. ஆனால் அதனால்தான் இது வந்தது என்று சொல்ல முடியாது, பல காரணங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான் என்றார்.

அப்புறம் அக்கா சொன்னாள்: “எனக்கு ஒரு பொண்ணு இருக்குது டாக்டரம்மா. ஒம்பது நடக்குது.”

மார்பு ஒன்றை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கரண்டு, அதாவது கதிர் சிகிச்சை, வைக்க வேண்டும், அதற்குச் சில வாரங்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். அக்கா தன்னைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிழைப்பேனா, வலிக்குமா, செலவு எவ்வளவு, ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அக்கா மகள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். அவள் வந்ததும் அக்கா தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பாள். நான் தோலைப் பார்க்கிற பார்வை அது, எனக்குத் தெரியாதா? குழந்தை தண்ணீர் குடிக்க நகர்ந்ததும் என் காதருகே வருவாள். “அவளுக்கு லேட்டா வரணும்டா. பதினாலு, பதினஞ்சு ஆவட்டும். நான் எந்தச் சாமியையும் எனக்காக ஒன்னும் கேக்கல. இது ஒன்னுதான் கேக்குறேன்.” நான் வழக்கம்போல, சாமிக்குத் தபால் போட்டாச்சு, பதில் தபாலுக்கும் காசு கட்டியாச்சு என்று எதையோ சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

பதில் அடுத்த புதன்கிழமை வந்தது. காலையில் டேனரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி வாசலை அடைத்துக்கொண்டு நின்று, “ஏங்க, ஓலை வெட்டணும்” என்றாள்.

“இன்னாத்துக்கு? கூரை நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?”

“கூரைக்கு இல்ல. உங்க மருமவளுக்கு.”

நான் சிரித்தேன். பத்து வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்தி இப்போதுதான் ஒரு ஜோக் அடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று பாராட்டினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு பாதியில் நின்றது. எங்கள் பக்கத்து வழக்கம் இது: பெண் பெரியவளானால் தாய்மாமன் தன் கையால் பச்சைத் தென்னோலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றுகிற நாள்வரை பெண் அதில்தான் இருப்பாள். கூலிக்கு ஆள் வைத்துக் கட்டினால் அது குடிசை இல்லை, வெறும் பந்தல்.

பாப்பாவைக் கொல்லைப்புறத்தில் ஒரு பாய் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுக அழுதிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வரப் பார்த்தாள். கிட்டே போகக்கூடாது என்று வீட்டுக்காரி அதட்டினாள். அங்கேயே நின்றுகொண்டு அந்தக் குழந்தை கேட்டது:

“மாமா, அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சா?”

டேனரியில் நான் பதில் இல்லாமல் நின்றதாக ஒருத்தனும் சொல்ல மாட்டான். அன்றைக்கும் நிற்கவில்லை. “இல்லடி. அது வேற, இது வேற. இது எல்லாப் பொம்பளைப் புள்ளைங்களுக்கும் வர்றதுதான். உங்க அத்தைக்குக்கூட வந்துச்சு. பாரு, எவ்ளோ தடியா நிக்கிறா” என்றேன். அத்தையின் கையில் இருந்த சொம்பு என்மேல் பறந்து வந்தது. குழந்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போய், ஒரு காரணமும் இல்லாமல் அரிசி டப்பாவைத் திறந்து, மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு என் பீதி வேலை செய்யத் தொடங்கியது. எதிர்வீட்டு அம்மாள் முட்டைதான் காரணம் என்றாள். உடனே முட்டையை நிறுத்தினேன். இன்னொருத்தி, ஈரல் சாப்பிடுகிற பிள்ளைகள் சீக்கிரம் ஆகிவிடும் என்றாள்; ஈரலை நிறுத்தினேன். யாரோ பாலைச் சொன்னார்கள், பாலும் போயிற்று. டேனரித் தண்ணீர் இறங்கிக் கிணறெல்லாம் செம்மை தட்டிக் கிடந்த ஊர் அது. அதனால் தண்ணீர்மேல் சந்தேகம் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து சைக்கிளில் இரண்டு டின் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தேன். வீடு வந்து சேரும்போது ஒரு டின்தான் தண்ணீர் இருந்தது. மறு டின் என் வேட்டியில் இருந்தது. சாயங்காலம் என் வீட்டுக்காரி, “வந்தது வந்துடுச்சு. இப்ப அந்தப் புள்ளைக்குச் சோத்தையும் நிறுத்தினீங்கன்னா திரும்பிப் போயிடுமா?” என்று கேட்டாள். டேனரி முதலாளி பாயிடம் லீவு கேட்கப் போனபோது அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஜாஸ்தி யோசன பண்ணாதப்பா. சந்தோசமான விசயம்தானே? மிட்டாய் குடு” என்றார். மிட்டாய் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டவன் நான் ஒருத்தன்தான். ஆகவே அந்த மிட்டாய் கசந்ததும் எனக்கு ஒருத்தனுக்குத்தான்.

குடிசை கட்டினேன். தென்னை மட்டையின் ஓரம் எவ்வளவு கூர் என்பது தோல் தொட்டே பிழைத்த எனக்குத் தெரியவில்லை. முதல் மட்டையைப் பிளக்கும்போதே கட்டைவிரலைத் திறந்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு கட்டினேன். கட்டி முடித்ததும் அது வலது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் முட்டுக் கொடுத்தேன். இடது பக்கம் சாய்ந்தது. பாப்பா உள்ளே போய் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, “மாமா, இது பூகம்பம் வந்த வூடா?” என்று கேட்டாள். அக்காவின் வாய் அப்படியே அவளுக்கு. சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு ஆடுகள் வந்தன. பச்சை ஓலை, கேட்பாரில்லை. உள்ளே தனியாக உட்கார்ந்து சலித்துப்போயிருந்த குழந்தை, ஒவ்வொரு கீற்றாக உருவி அவற்றுக்கு ஊட்டியிருக்கிறது. நாங்கள் பார்க்கும்போது ஒரு பக்கச் சுவர் முழுக்க ஆடுகளின் வயிற்றில் இருந்தது. மாமன் சீரை ஆடு மேய்ந்த கதை எங்கள் தெருவில் அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது.

அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று நானும் வீட்டுக்காரியும் முடிவு செய்திருந்தோம். தையல் ஆறட்டும், கரண்டு முடியட்டும். ஒரு மாசம் மறைத்தால் போதும். மறைப்பது என் தொழில். உலகத்துக்கே என் பயத்தை மறைத்தவன், ஓர் அக்காவுக்கு ஒரு சேதியை மறைக்க மாட்டேனா? ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன்.

“பாப்பா எங்கடா?”

“அவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு. ஒரே ஆட்டம். பஸ்ஸுல வர மாட்டேன்னுட்டா.”

“ஜுரமா?”

“ஜுரமெல்லாம் இல்லக்கா. இரும்பு மாதிரி இருக்கா.”

அவள் கண் என் கைக்குப் போனது. “கையில இன்னாடா?”

“டேனரில கத்தி பட்டுடுச்சு.”

“உன் கையில கத்தி குடுக்கிற அளவுக்கு உங்க பாய்க்குப் புத்தி கெட்டுப்போச்சா?” என்று சிரித்துக்கொண்டே கையை இழுத்துப் பார்த்தாள். நக இடுக்கில் பச்சைக் கறை போகாமல் இருந்தது. புறங்கையில் ஓலை இழுத்த மெல்லிய கீறல்கள், தலைமயிர்போல். அவள் சிரிப்பு நின்றது. “ஓலை கிழிச்சிருக்கே.”

“தெருவுல ஒரு கல்யாணம். பந்தல் போட்டோம்.”

“பந்தலுக்குக் கீத்து பின்னி விக்கிறாங்கடா. பச்சை மட்டைய எதுக்கு நீ வெட்டுனே?” என் கையை விடாமல், குரல் எழுப்பாமல், கணக்கு வாத்தியார் விடைக்கு வருவதுபோலச் சொன்னாள்: “தாய்மாமன்தான் தன் கையால வெட்டுவான். உனக்கு நான் ஒருத்திதானேடா அக்கா.”

அவ்வளவுதான். நான் எத்தனையோ பொய்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்; எல்லாவற்றையும் அந்த ஒரு வழக்கம் வந்து உடைத்துவிட்டது. என் கையால் ஓலை வெட்ட உலகத்தில் எனக்கு உரிமையுள்ள பெண் ஒருத்திதான். அந்த ஒருத்திக்கு வெட்டிவிட்டு, அவளைப் பெற்றவளிடமே கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அக்கா என் கையை விட்டாள். அப்புறம், “என்னிக்கு?” என்றாள். புதன்கிழமை என்றேன். “பயந்துட்டாளா?” என்றாள். இல்லை என்றேன். பாப்பா கேட்ட கேள்வியை நான் சொல்லவில்லை; அதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் குடிசை சாய்ந்ததைச் சொன்னேன், பூகம்பத்தைச் சொன்னேன், ஆடுகள் வந்ததையும், அவற்றுக்கு இவள் ஊட்டியதையும், என் வீட்டுக்காரி விளக்குமாற்றோடு ஓடி வழுக்கி விழுந்ததையும் நடித்துக் காட்டினேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையை எடுத்து மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு, “போதும்டா, பாவி, தையல் பிரிஞ்சிடும், போதும்” என்று சிரித்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாளும் சிரித்தாள். நான் இன்னும் உற்சாகமாகி ஆடு மெல்லுவதுபோல் வாயை அசைத்துக் காட்டினேன். அக்காவின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பாட்டுக்கு ஆடாக மென்றுகொண்டிருந்தேன்.

அழுது முடித்ததும் கட்டளைகள் வந்தன. “தாவணி போடாதே. கவுனே போடட்டும். மைக்செட்டு வெச்சி ஊரக் கூட்டாதே. லீவு முடிஞ்சதும் ஸ்கூலுக்கு அனுப்பு. பாண்டி ஆடினா ஆடட்டும், எவளாவது ஏதாவது சொன்னா என்னைய வந்து கேக்கச் சொல்லு.” அதன்பின், “அவள டாக்டரம்மாகிட்ட இட்டுக்கினு வா” என்றாள்.

கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா பாப்பாவைத் தனியே அழைத்துப் பார்த்தார். வேறு கோளாறு ஒன்றும் இல்லை, சீக்கிரம் வந்திருக்கிறது, நோய் இல்லை என்றார். முட்டையை நிறுத்தியதைச் சொன்னேன். “வளர்ற புள்ளைக்கு யாராவது முட்டையை நிறுத்துவாங்களா? நாளைக்கே குடுங்க” என்று என்னைக் கடிந்துகொண்டார். இதைத் தள்ளிப்போட, நிறுத்த மருந்து கிடையாதா என்றேன். வந்துவிட்டதைத் திருப்ப முடியாது என்றார். சீக்கிரம் ஆனவர்கள் அத்தனை பேருக்கும் இந்த வியாதி வருவதில்லை, பெரும்பாலோர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அம்மாவுக்கு இளம் வயதில் வந்திருப்பதால் இவள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும், பெரியவளானதும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்க வேண்டும், சின்னக் கட்டி தட்டுப்பட்டாலும் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வர வேண்டும் என்றார்.

“கொஞ்சம்னா எவ்வளவு டாக்டரம்மா?” என்று கேட்டேன். நான் கேலி செய்கிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். என் முகம் அப்படி. ஆனால் அவ்வளவு தவிப்பாக வாழ்நாளில் நான் எதையும் கேட்டதில்லை. எங்கள் டேனரியில் ஒரு தோலை அளவுச் சக்கரத்தில் விட்டால் கால் சதுர அடிவரை அளந்து சொல்லிவிடும். அந்தக் ‘கொஞ்ச’த்தை எந்தச் சக்கரத்தில் விட்டு அளப்பது?

அவர் கோபிக்கவில்லை. “இந்தப் பொண்ணுக்கு வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. யாராலயும் முடியாதுங்க” என்றார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு கையைச் சரியாகத் தூக்க முடியாததால் சடை கோணலாக வந்தது. “உங்க மாமன் கட்டின குடிசை மாதிரி இருக்குதுடி” என்றாள்.

அதற்குப் பிறகு அக்கா நாலு வருஷம் போல இருந்தாள். நன்றாகவே இருந்தாள் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். பிறகு முதுகு வலி என்றாள். அந்த வியாதி முதுகெலும்புக்குப் போயிருந்தது. கடைசி மாதங்களில் என் வீட்டில்தான் கிடந்தாள். லாரியை விற்றுவிட்டு மாமாவும் வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஜோக் சொல்வதைத் தவிர எனக்கும் வேறு வேலை தெரியவில்லை. அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லாத நாட்களில் என் கட்டைவிரலைப் பிடித்து அந்தத் தழும்பை ஒரு அழுத்து அழுத்துவாள். சிரித்துவிட்டேன் என்று அர்த்தம். ஒருநாள் அப்படி அழுத்திவிட்டு, “பதினெட்டு ஆனதும் அவள வேலூருக்கு இட்டுக்கினு போ. மாசாமாசம் கட்டி இருக்குதான்னு எப்படிப் பார்த்துக்கணும்னு சொல்லிக் குடுப்பாங்க. உனக்குப் பயமா இருந்தாலும் போ” என்றாள். பயமா, எனக்கா என்றேன். அவள் மறுபடி ஒரு அழுத்து அழுத்தினாள்.

பதினெட்டில் அழைத்துக்கொண்டு போனேன். நானும் வீட்டுக்காரியும் பாப்பாவும். பெண்கள் இருவரும் உள்ளே போக, நான் வராந்தாவில் நின்று சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தை மனப்பாடம் செய்தேன். வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மாமா, எனக்கு ஒன்னும் இல்ல. உன்னதான் அட்மிட் பண்ணணும் போல இருக்குது” என்றாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவள்தான் பிள்ளை. இப்போது வேலூரில் காலேஜ் படிக்கிறாள். இருபது வயசு. அம்மாவைவிட உயரம், அம்மாவின் அதே வாய். மாதம் ஒருமுறை, சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறபோது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொல்வாள்: “மாமா, இந்த மாச செலக்‌ஷன் முடிஞ்சுது. ஃபர்ஸ்ட் குவாலிட்டி.” வெட்கங்கெட்டவளே என்று அத்தை உள்ளேயிருந்து கத்துவாள். “அப்ப லாரில ஏத்து” என்பேன் நான். அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போவாள். இரண்டு வருஷமாக இது நடக்கிறது. எனக்காகத்தான் அதை இப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். என் பயத்தைக் கண்டுபிடித்த மூன்றாவது பெண்.

போன சனிக்கிழமையும் வந்தாள், சொன்னாள், சிரித்தோம். அவள் உள்ளே போன பிறகு வெகுநேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கொல்லைப்புறத்தில் பாய்மேல் நின்றுகொண்டு ஒரு குழந்தை கேட்ட கேள்விக்கு, இல்லடி என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அதை மெய்யாக்க நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மாதாமாதம் லாரியில் ஏற்றச் சொல்வதைத் தவிர. யோசித்துக்கொண்டிருக்கும்போது வலது கை தானாகவே இடது கட்டைவிரலை அழுத்திக்கொண்டிருந்தது, அக்கா அழுத்துகிற மாதிரியே. எத்தனை ஆயிரம் தோல்களைத் தடவிய விரல். ஆறின காயத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும். அந்த நெல்லளவு இடத்தில் மட்டும் உணர்ச்சி செத்துப்போயிருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் தெரிவதில்லை.